விழுந்தால் சத்தம் கேட்கும்

அவருடைய முகத்தைவிட முதுகையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். சாம்பல் நிற மேற்சட்டை, கருவிகளின் பாரத்தால் இடது தோளில் சரிந்து தொங்கும் தோல் பை, ஒழுங்காகக் கத்தரித்த பின்கழுத்து. இவற்றை இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடுவேன். மூக்கு எப்படியிருந்தது என்று கேட்டால் சற்று யோசிக்கவேண்டும்.

அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். இருவரும் சேர்ந்து வீட்டிலிருந்து புறப்பட்டால், இருபது யார் போவதற்குள் அவர் முன்னால் போய்விடுவார். பிறகு நான் வருகிறேனா, பஸ்ஸில் அடிபட்டேனா, வீட்டுக்கே திரும்பிவிட்டேனா என்று ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. ஸ்டொக்வெல்லில் ரயில் மாறும்போது, சனநெரிசலுக்குள் அந்த முதுகைத் தொலைத்துவிடக்கூடாதே என்று அரை ஓட்டமாக ஓடியிருக்கிறேன். மேடையில் போய் அவருக்குப் பின்னால் மூச்சிரைக்க நின்றதும், எதிர்ச் சுவர் விளம்பரத்தைப் பார்த்தபடி, "வந்திட்டீர்," என்பார்.

"வராமல் விட்டிருந்தா?"

"வந்திட்டீர்தானே."

"ஆரும் என்னைத் தள்ளி விழுத்தியிருந்தா?"

"விழுந்தாச் சத்தம் கேக்கும்."

அவர் பேசியது ஆங்கிலம். அதுவும் ஒவ்வொரு சொல்லாக எண்ணி எடுத்து வைக்கும் ஆங்கிலம். ஆனால் பத்துப் பன்னிரண்டு வருடம் ஒரே வீட்டில் கேட்டுக் கேட்டு, என் மனதில் அது எங்கள் ஊர்ப் பேச்சாகவே பதிந்துபோய்விட்டது. அப்படியே எழுதுகிறேன்.

அவர் ஜப்பானியர். பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பது தொழில். தென் லண்டனில் பியானோ வைத்திருந்த வீடுகளுக்கெல்லாம் சைக்கிளில் போய் வருவார். எண்பதுகளின் நடுப்பகுதியில், கோலியர்ஸ் வுட்டில் இருந்த அந்த வீட்டின் கீழ் அறைக்கு நான் குடிவந்தபோது அவர் ஏற்கெனவே மேல் அறையில் இருந்தார். முதல் நாள் பொதுச் சமையலறையில் எனக்கு முதுகைக் காட்டியபடி அரிசி கழுவிக்கொண்டிருந்தார். என்னை அறிமுகப்படுத்துவதற்கான வாக்கியத்தை நான் வாசலில் நின்று தயாரித்துக்கொண்டிருந்தேன்.

"வாரும்," என்றார். "உம்மட இடது சப்பாத்தின்ர குதி தேய்ஞ்சிட்டுது."

என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். நான் பயந்தவன். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. பயம் என் தொழில் தகைமைகளில் ஒன்று. யாழ்ப்பாணத்தில் அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவன். எந்த விண்ணப்பத்துக்கு எத்தனை பிரதி, எந்தப் பிரதி எந்த மேசைக்கு, எந்த மேசையில் எத்தனை கிழமை தூங்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். லண்டனுக்கு அகதியாக வந்து, பிறகு ஒரு கவுன்சிலில் வீட்டு வாடகைக்கு உதவிப்பணம் கொடுக்கும் பெனிபிட் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தபோதும் எனக்கு எதுவும் புதிதாக இல்லை. அசல் இல்லாமல் போட்டோப் பிரதியோடு வருகிறவர்களை வரிசையின் கடைசிக்கு அனுப்புவது என் கடமை. அதைக் குறைவில்லாமல் செய்தேன். விதிகளைத் தெரிந்து வைத்திருப்பவனுக்குப் பயம் குறையும் என்று சிலர் நினைக்கிறார்கள். எந்தெந்த இடத்தில் மாட்டலாம் என்ற முழுப் பட்டியலும் கையில் இருப்பவனுக்குப் பயம் எப்படிக் குறையும்?

என் பயத்தை அவர் காதால் அறிந்து வைத்திருந்தார். காலையில் கடிதங்கள் கதவுத் துளை வழியாக விழும். மேல்மாடியிலிருந்து குரல் வரும்: "தடிச்ச கடிதம். எனக்கில்லை." நான் போய் எடுத்துப் பார்த்தால், என் அகதி வழக்கைப் பார்க்கும் ஹோம் ஒபிஸின் கடிதம். வாசித்து முடித்துவிட்டு மேலே போனால், பியானோவின் கம்பியொன்றைச் சுருட்டியபடி சொல்வார்: "நல்ல செய்திதானே? பிறகேன் ஒற்றைக் காலில நிண்டு வாசிச்சனீர்?"

இரண்டு மூன்று வருடங்களில் என் மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். நாங்கள் கீழ்த்தளம் முழுவதையும் எடுத்துக்கொண்டோம். ஒரு சனிக்கிழமை, ஐந்து வயது மகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகிறேன் என்றார் அவர். யன்னலால் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி அலறிவிட்டாள். அவர் முன்னால் நடக்கிறார், பிள்ளை ஆறு அடி பின்னால் தனியாகப் போகிறாள்.

"இஞ்சேருங்கோ, பிள்ளையைப் பின்னால விட்டிட்டுத் தான் முன்னால போறார். இந்த மனுசனுக்கு ஏதும் குறையோ?"

நான் செருப்போடு ஓடினேன். மெர்டன் கடைவீதியில் ஒரு கடையின் மீன்தொட்டிக்கு முன்னால் மகள் நின்றுவிட்டாள். அந்தக் கணமே, முன்னால் போய்க்கொண்டிருந்த முதுகும் நின்றது. திரும்பவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவள் மீன் பார்த்து முடிக்கும்வரை வீதியைப் பார்த்து நின்றது. அவள் நடக்கத் தொடங்கியதும் அதுவும் நடந்தது.

இதை வீட்டில் வந்து சொன்னேன். "அப்ப காதில கண் வைச்சிருக்கிறாராக்கும்," என்றாள் மனைவி. ஆனாலும் அடுத்த சனிக்கிழமை அவர்களுக்குப் பின்னால் தானும் போனாள்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டேன். சிறுவயதில் அப்பாவுக்குப் பின்னால் சைக்கிளில் போவாராம். அப்பா திரும்பிப் பார்க்கவே மாட்டாராம். இவர் அழுதிருக்கிறார். அப்பா சொன்னாராம்: திரும்பிப் பார்த்தால் நீ விழுவாய் என்று நான் நினைக்கிறேன் என்று அர்த்தம். நான் அப்படி நினைக்கவில்லை. விழுந்தால் சத்தம் கேட்கும், அப்போது வருவேன்.

"விழுந்தீரோ?"

"ஒருக்கா."

"வந்தாரோ?"

"உடனை."

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த அப்பாவுக்கு ஆறாண்டு நினைவுச் சடங்கு வந்தது. ஊருக்குப் போகப்போவதாகச் சொன்னவர், "நீரும் வாரும்," என்றார். "சின்ன ஊர். சைக்கிளில ஒரு நாளில பாத்து முடிக்கலாம். நீர்தானே சொன்னனீர், ஒவ்வொரு நாளும் பதினைஞ்சு மைல் சைக்கிள் மிதிச்சு வேலைக்குப் போனனான் எண்டு."

சொன்னது உண்மைதான். ஆனால் அந்தச் சமயம் என் மேசை லாச்சியில் பிரித்தானியக் குடியுரிமைக்கான விண்ணப்பம் நிரப்பியபடி இருந்தது. பொலிஸ் விவகாரங்கள் ஏதும் உண்டா என்று கேட்ட பெட்டியில் 'இல்லை' என்று பேனையால் எழுதியிருந்தேன். என்னைத் தெரியும் என்று சாட்சி சொல்லும் இரண்டு பேரின் கையெழுத்து மட்டும் பாக்கி. நான் பயணம் செய்வதானால், அகதிகளுக்குக் கொடுக்கும் நீலப் புத்தகத்தில்தான் செய்யவேண்டும். மூலையில் இரண்டு கறுப்புக் கோடு போட்ட அந்தப் புத்தகத்தைக் கண்டால் எந்த விமான நிலையத்திலும் அதிகாரிகள் இன்னொரு அதிகாரியைக் கூப்பிடுவார்கள். அது தொலைந்தால், அல்லது அதன்மேல் ஒரு கீறல் விழுந்தால், நான் லண்டனுக்குத் திரும்புவதே கேள்விக்குறி. திரும்பினாலும், இடையில் பொலிஸ் வந்திருந்தால் அந்தப் பெட்டியில் எழுதிய 'இல்லை' பொய்யாகிவிடும்.

"இவ்வளவு காலம் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தனாங்கள்," என்றாள் மனைவி. "அந்த போர்ம் போய்ச் சேருமட்டும் ஒரு இடமும் அசையாமல் இருந்தா என்ன குறைஞ்சுபோம்?"

எதுவும் குறையாது. ஆனால் அவருக்குக் காட்டுவதற்கு என்னிடம் ஊர் இல்லை. அவரிடம் இருந்தது. ஒருவர் தன் ஊரைக் காட்டுகிறேன் என்று என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல்தடவை. விசாவுக்கு விண்ணப்பித்தேன். ஒவ்வொரு நாளும் என்ன செய்யப்போகிறேன் என்று அட்டவணை கேட்டார்கள். 'நான்காம் நாள்: நண்பரின் ஊரைச் சைக்கிளில் சுற்றிப் பார்த்தல்' என்று தட்டச்சு செய்து கொடுத்தேன். ஆக, அந்த நாள் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட நாள். இன்னொரு விதியையும் வாசித்து வைத்திருந்தேன். ஜப்பானில் வெளிநாட்டவர் எந்நேரமும் கடவுச்சீட்டைத் தம்முடன் வைத்திருக்கவேண்டும். அதற்காகவே சட்டைக்கு உள்ளே ஒரு துணிப்பை தைப்பித்துக்கொண்டு போனேன்.

இவ்வளவும் தெரிந்த நான், மூன்றாம் நாள் அவருடைய ஊருக்குப் போய்ச் சேர்ந்த மாலையே ஒரு பிழை செய்தேன்.

கொழும்பில் ஒரு தமிழன் ஒரு வீட்டில் போய்த் தங்கினால், முதல் வேலையாக அடையாள அட்டையை வீட்டுக்காரரிடம் கொடுப்பான். அவர் அதைக் கொண்டுபோய்ப் பொலிசில் பதிவார். லண்டனுக்கு வருவதற்கு முன்னர் நான்கு வீடுகளில் நான் அப்படித்தான் தங்கினேன். நண்பருடைய வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்ததும், எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த அவருடைய அம்மா குனிந்து வணங்கினார். என் கை தானாகச் சட்டைக்குள் போயிற்று. நீலப் புத்தகத்தை எடுத்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினேன்.

அம்மா திகைத்தார். பிறகு அதையும் இரண்டு கையால் வாங்கி, நெற்றி மட்டத்துக்கு உயர்த்தி, உள்ளே கொண்டுபோனார். அங்கே கறுத்த மர அலுமாரி ஒன்று இருந்தது. கதவைத் திறந்தால் உள்ளே கணவரின் படம், ஒரு கிண்ணத்தில் சோறு, ஊதுபத்தி. படத்துக்கு முன்னால் என் புத்தகத்தை வைத்து, ஒரு சிறு மணியைத் தட்டி, கும்பிட்டார்.

"என்ர புத்தகம்..." என்றேன் நண்பரிடம்.

"விருந்தாளி குடுக்கிறது முதல்ல அப்பாவுக்குத்தான் போகும்," என்றார். "பரிசு எண்டு நினைச்சிட்டா. இப்ப எடுத்தா அம்மாவுக்கு மனம் நோகும். நாளைக்குப் பின்னேரம் நான் எடுத்துத் தாறன்."

"நாளைக்கு வெளியில போறமே. கையில இருக்கவேணும் எண்டு சட்டம்."

"எங்கட ஊரில ஆர் கேக்கப்போகினம்?"

சட்டம் தெரியாதவர்கள் எல்லா நாட்டிலும் இப்படித்தான் பேசுகிறார்கள். இரவு முழுவதும் ஒரு மெல்லிய கதவுக்கு அப்பால், இறந்துபோன ஒருவரின் பாதுகாப்பில் என் வாழ்க்கை இருந்தது. காலையில் அம்மா புதுச் சோறு வைத்தபோது புத்தகத்தைச் சற்று நகர்த்தி வைத்தார். கேட்கலாம் என்று வாயெடுத்தேன். ஊதுபத்திப் புகைக்கு முன்னால் குனிந்திருந்த அந்த முதுகைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது. வெறும் துணிப்பையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

எனக்குக் கிடைத்தது அப்பாவின் சைக்கிள். கறுப்பு, கனம், முன்னால் கம்பிக் கூடை. அங்கேயும் வாகனங்கள் இடப்பக்கம்தான் ஓடுகின்றன. அதனால் என் கால்களுக்கு எல்லாம் பழக்கமாக இருந்தது, தலைக்குத்தான் எதுவும் பிடிபடவில்லை. அவர் முன்னால் போனார். முதுகு காட்டியபடியே ஊரைக் காட்டினார். இடக் கை நீளும், பள்ளிக்கூடம். வலக் கை நீளும், முடிவெட்டும் கடை. பியானோத் தொழிற்சாலைக்கு வரும் மரங்களைக் காய விடும் முற்றம். ஆரஞ்சு நிறத்தில் பழுத்த தோடை மரங்கள் ஏறிப்போகும் சரிவு. அவர் பேசிய சொற்களில் பாதி காற்றில் என் காதைத் தாண்டிப் போயின. மீதிப் பாதியையும் நான் கேட்கவில்லை. நான் வழியை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்: காசு போட்டால் சோடா தரும் சிவப்புப் பெட்டியில் இடது, பாலத்தில் வலது, மீன் படம் போட்ட பலகையில் இடது. ஒரு எழுத்துக்கூட வாசிக்க முடியாத ஊரில், விலாசம் எழுதிய துண்டுகூட இல்லாமல், அந்த முதுகு ஒன்றுதான் என் கடவுச்சீட்டு. அதுவோ திரும்பிப் பார்க்காத முதுகு.

கால்வாய் ஓரமாகக் கடலை நோக்கிப் போகும் நீண்ட வீதி. காற்று எதிராக அடித்தது. அவர் ஐம்பது யார் முன்னால். அப்போது வலப்பக்கம் ஒரு சிறிய கட்டடம் தெரிந்தது. ஒற்றை அறை, வாசலுக்கு மேலே சிவப்பு விளக்கு, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சீருடை.

நான் இறங்கினேன்.

யோசித்து இறங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் இராணுவக் காவலரணைத் தாண்டுவதற்கு ஒரு முறை உண்டு. ஐம்பது யார் முன்னாலேயே சைக்கிளை விட்டு இறங்கவேண்டும். தொப்பியைக் கழற்றவேண்டும். குடை விரிக்கக்கூடாது. வேகமாகவும் நடக்கக்கூடாது, தயங்கவும் கூடாது. அந்த அறிவித்தலின் தமிழ்ப் பிரதியை எங்கள் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவனே நான்தான். என் மேசையிலிருந்து இரண்டு மேசை தள்ளி இருந்தவர், மழை நாளொன்றில் குடையும் கையுமாக வந்து, இறங்க மறந்துவிட்டார். அவருடைய கதிரை வெறுமையானதற்கான படிவத்தை நிரப்பியதும் நான்தான். ஐந்து பிரதிகள்.

தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, சைக்கிளைத் தள்ளி நடந்தேன். முன்னால் அந்த முதுகு சிறுத்துக்கொண்டே போயிற்று. கூப்பிடலாம். காவலரணுக்கு முன்னால் கத்தக்கூடாது என்பதும் அறிவித்தலில் இருந்தது.

கண்ணாடிக் கதவு திறந்தது. வெள்ளைக் கையுறை போட்ட இளம் பொலிஸ்காரர் வெளியே வந்தார். கையில் நீளமாக ஏதோ இருந்தது. நான் நின்றேன். இரண்டு கைகளையும் சைக்கிள் பிடியில் தெரியும்படி வைத்துக்கொண்டேன். அவர் அருகே வந்து குந்தினார். அவர் கையிலிருந்தது சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்ப்.

முன் டயரை அமுக்கிப் பார்த்தார். பின் டயரை அமுக்கிப் பார்த்தார். இரண்டிலும் காற்று நிறைய இருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நடுத்தர வயதுக் கறுத்த மனிதன், நல்ல சைக்கிளை ஓட்டாமல் தள்ளிக்கொண்டு, தொப்பியைக் கழற்றி, வியர்த்து நடுங்கி நிற்கிறான். அவருடைய முகத்தில் உதவி போய்ச் சந்தேகம் வந்ததை நான் கண்ணால் கண்டேன். அவரில் பிழையில்லை. நானாக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன்.

சைக்கிளில் ஒட்டியிருந்த பதிவு இலக்கத்தைக் குறித்துக்கொண்டு என்னை உள்ளே வரச் சொன்னார். ஒரு கதிரை. ஒரு கோப்பை தேநீர். காவலரணில் எதையும் வாங்கிக் குடிப்பதில்லை. தொடவில்லை. தொலைபேசியில் பேசினார். திரும்பி வந்து ஒரு பெயரைச் சொன்னார். அலுமாரிக்குள் இருந்தவரின் பெயர். ஆறு வருடத்துக்கு முன் இறந்துபோன மனிதரின் சைக்கிளோடு நான் பிடிபட்டிருக்கிறேன்.

"பாஸ்போத்தோ," என்றார்.

அந்தச் சொல் விளங்கியது. துணிப்பையை வெளியே எடுத்துக் கவிழ்த்துக் காட்டினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. வெறும் பையைக் காட்டினால் ஒன்றும் நிரூபணமாவதில்லை. பிறகு பணப்பையில் இருந்தவற்றை மேசையில் பரப்பினேன்: லண்டன் ரயில் மாதச் சீட்டு, நூலக அட்டை, கவுன்சில் ஊழியர் அட்டை. அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, பணிவாகத் திருப்பி வைத்தார். அசல் இல்லாதவர்களின் கடதாசிகளை நானும் அப்படித்தான் பணிவாகத் திருப்பி வைப்பேன். அடுத்தது என்ன என்பது எனக்குத் தெரியும். மேலிடத்துக்கு அறிவிப்பார். என்னை வைத்திருப்பார்கள். அறிக்கை போகும். ஹோம் ஒபிஸில் ஒரு கோப்பு திறக்கும். லாச்சியில் இருக்கும் 'இல்லை'யின் மேல் யாரோ சிவப்பு மையால் வட்டம் போடுவார்கள். மகளைப் பள்ளிக்கூடத்தில் கேட்பார்கள். கண்ணாடிக் கதவின் வழியே வீதியைப் பார்த்தேன். காலியாக இருந்தது. ஒரு மனிதன் ஒருமுறை, ஒரே ஒருமுறை, தலையைத் திருப்பினால் போதும். அரை மணித்தியாலம் அவர் திரும்பவில்லை. அந்த அரை மணித்தியாலம் அவரை வெறுத்தேன். இதை மறைப்பதில் பிரயோசனமில்லை.

பொலிஸ்காரர் மறுபடி தொலைபேசியை எடுத்தார். இந்தமுறை நிறையத் தலையாட்டினார். கொஞ்ச நேரத்தில் வீதியில் ஒரு சைக்கிள் மணி விடாமல் அடித்தது. அவருடைய அம்மா, சமையல் மேலாடையோடு, சைக்கிள் மிதித்து வந்துகொண்டிருந்தார். கூடையில் ஊதா நிறத் துணிப் பொட்டலம். மேசையில் வைத்து முடிச்சை அவிழ்த்தார். நீலப் புத்தகம். ஊதுபத்தி வாசனை அறை முழுவதும் பரவியது. அதன் பக்கத்தில் இரண்டு தோடம்பழம்.

பொலிஸ்காரர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். இலக்கத்தைத் தன் பதிவேட்டில் எழுதினார். எழுந்து எனக்குச் சல்யூட் அடித்தார். அதில் நான் இன்னும் கொஞ்சம் பயந்தேன்.

வெளியே வந்தபோது கடற்பக்கமிருந்து அவர் வந்துகொண்டிருந்தார். சைக்கிளில் எழும்பி நின்று மிதித்தபடி. அன்றுதான் அவருடைய முகத்தை முழுதாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். வெளிறிப்போயிருந்தது. கடற்சுவர் வரைக்கும் எனக்கு ஊரை விளக்கிக்கொண்டே போயிருக்கிறார். அங்கே ஒரு கேள்வி கேட்டாராம். பதில் வரவில்லை.

அம்மா அவரை ஏதோ சொல்லி ஏசினார். அவர் தலையைக் குனிந்து கேட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"சத்தம் கேக்கேல்லை," என்றார்.

"நான் விழேல்லை. இறங்கினனான்."

"ஏன் இறங்கினனீர்?"

"சென்றியைக் கண்டா இறங்கவேணும்."

சென்றி என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். ஐம்பது யார், தொப்பி, குடை எல்லாம். இரண்டு மேசை தள்ளியிருந்தவரையும் சொன்னேன். அவரிடம் அதை முன்னர் சொன்னதில்லை. மனைவியிடமே முழுதாகச் சொன்னதில்லை. அம்மா தோடம்பழத்தை உரித்து எங்கள் இருவருக்கும் பாதி பாதி கொடுத்தார்.

அம்மா வேறு வேலையாகக் கடைப்பக்கம் போனார். நாங்கள் கடலைப் பார்த்தோம். அட்டவணையில் இருந்ததே. பின்னேரம் அதே வீதியால் திரும்பினோம். நீலப் புத்தகம் சட்டைக்குள் நெஞ்சில் கிடந்தது. எனக்கு எந்த ஆபத்தும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவர் முன்னால், நான் பின்னால். சிவப்பு விளக்குத் தெரிந்தது. அந்த இளம் பொலிஸ்காரர் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

என் கால் மறுபடி இறங்கிவிட்டது. வெட்கமாக இருந்தது. தொப்பி கையில் வந்துவிட்டது.

முன்னால் போன முதுகு நின்றது. திரும்பவில்லை. அவரும் இறங்கினார். தொப்பியைக் கழற்றிக் கூடையில் போட்டார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, நான் நடக்கும் வேகத்தில், எனக்கு முன்னால் நடந்தார். தன் சொந்த ஊரில், சிறுவயதில் ஓடித்திரிந்த வீதியில், தன்னைத் தெரிந்த பொலிஸ்காரருக்கு முன்னால். பொலிஸ்காரர் விளக்குமாற்றைப் பிடித்தபடி எங்கள் இருவரையும் பார்த்து நின்றார். பிறகு ஒன்றும் விளங்காமலே குனிந்து வணங்கினார்.

தாண்டியபின் கேட்டேன். "எப்பிடித் தெரியும்?"

"பின்சில்லு," என்றார், வீதியைப் பார்த்தபடி. "மிதிக்கிறதை நிப்பாட்டினா டிக்டிக்கெண்டு வேகமா அடிக்கும். இறங்கித் தள்ளினா மெதுவா, ஆள் நடக்கிற கணக்கில அடிக்கும். இறங்கினாலும் ஒரு சத்தம் இருக்கு. காலமை எனக்கு அது தெரியாது." கூடையிலிருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்து, "இப்ப தெரியும்," என்றார்.

லண்டனுக்குத் திரும்பியும் விண்ணப்பம் லாச்சியிலேயே கிடந்தது. அந்தப் பதிவேட்டில் என் இலக்கம் இருக்கிறது. எந்தக் காரணம் எழுதப்பட்டிருக்கிறது என்று தெரியாமல் 'இல்லை' என்று எப்படி அனுப்புவது? வெட்டி 'ஆம்' என்று எழுதினால் எதற்கு ஆம்? இரண்டு மாதம் நான் நித்திரை கொள்ளவில்லை. மனைவி ஜப்பான் என்ற சொல்லையே வீட்டில் தடை செய்துவிட்டாள். கடைசியில் அவர் தன் அம்மாவுக்கு எழுதினார். அம்மா தோடம்பழப் பையோடு அந்தப் பொலிஸ்காரரிடம் போயிருக்கிறார். பதில் வந்தது. சமையலறையில் எனக்கு முதுகைக் காட்டி நின்று, அவர் கடிதத்தை மொழிபெயர்த்து வாசித்தார்.

"பதிவேட்டில இப்பிடி எழுதியிருக்காம்: வெளிநாட்டவர் ஒருவரின் சைக்கிளுக்குக் காற்றுப் பார்க்கப்பட்டது. குறை இல்லை."

"இன்னொருக்கா வாசியும்," என்றாள் என் மனைவி. வாசித்தார்.

அன்றே கையெழுத்துகளை வாங்கி விண்ணப்பத்தை அனுப்பினேன். ஒன்றரை வருடத்தில் மெரூன் நிறப் புத்தகம் வந்தது. எந்த அதிகாரியும் இன்னொரு அதிகாரியைக் கூப்பிடாத புத்தகம். ஆனால் என் கால்களுக்கு அந்த அறிவித்தல் இன்னும் போய்ச் சேரவில்லை. ஞாயிறுகளில் மோர்டன் பக்கம் சைக்கிளில் போவோம். வீதியோரம் பொலிஸ் வாகனம் நின்றால் நான் இறங்குவேன். முன்னால் அவர் இறங்குவார். வாகனத்தைத் தாண்டியதும் இருவரும் ஏறுவோம். தொப்பியைக் கையில் பிடித்துச் சைக்கிள் தள்ளிப்போகும் இரண்டு நரைத்த மனிதரை லண்டன் பொலிஸ்காரர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. நாங்கள் அதைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் அவருடைய அம்மா படுக்கையில் விழுந்தார். அவர் ஒரேயடியாக ஊருக்குப் போனார். விமான நிலையத்துக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டதால், கோலியர்ஸ் வுட் ரயில் நிலையம்வரை நடந்தோம். வழக்கம்போல அவர் முன்னால், நான் பின்னால். வாசலில் கை குலுக்கினோம். சீட்டைப் போட்டுக் கடந்து, எஸ்கலேட்டரில் இறங்கினார். சாம்பல் முதுகு, சரிந்த தோல் பை. திரும்பவில்லை.

நான் தடுப்புக்கு இந்தப்பக்கம் நின்றேன். பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். ஒருவர் ஏசினார். நான் திரும்பி நடந்தால் அவருக்குக் கேட்டுவிடும் என்பதற்காக, அந்தத் தலை முற்றாகக் கீழே மறையும்வரை, நான் காலைத் தூக்கவே இல்லை.